இடது மணிக்கட்டில் சிவப்பு நூல்

அத்தியாயம் 17

இதனால் உலகத் தமிழ்ப் பெருமக்கள் அனைவருக்கும் அறிவிக்கப்படுவது யாதெனில்: இன்று பிற்பகல் சரியாக மூன்று மணி நாற்பது நிமிடத்துக்கு, வட்டக்கானல் பாறையின் மேல், கடல் மட்டத்திலிருந்து ஆறாயிரத்துச் சொச்சம் அடி உயரத்தில், காதல் இறக்கும். அந்த நேரத்தில் சுற்றுவட்டாரத்தில் யாரும் குக்கர் வைக்கக் கூடாது. விசில் சத்தம் ஒலிப்பதிவில் விழுந்துவிடும்.

காலை ஏழு மணிக்கு இந்த அறிவிப்பைக் கை ஒலிபெருக்கியில் வாசித்தவர் தயாரிப்பு நிர்வாகி திருமலைச்சாமி. மூன்று தடவை வாசித்தார். மூன்றாவது தடவை குளிரில் இருமல் பிடித்துக்கொண்டதால் காதல் பாதியில் நின்றது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைச் சாகடித்தார்.

"காதல் செத்தா நாங்க சோறு திங்கக் கூடாதாக்கும்?" என்று கந்தம்மாள் தன் வீட்டு வாசலில் நின்று கேட்டாள்.

"நாலு மணிக்கு மேல வச்சுக்கங்கம்மா. அதுக்குள்ள முடிஞ்சிரும்."

"போன வாரமும் இதத்தான் சொன்னீங்க."

போன வாரமும் காதல் இறப்பதாகத்தான் இருந்தது. பாறை மேல் ஒரு காட்டுமாடு ஏறி நின்றுகொண்டு மாலைவரை இறங்கவில்லை. அதனால் தள்ளிப்போனது.

படத்தின் பெயர் 'இருபத்து நான்காம் பனி'. இயக்குநர் ஆழிமாறன் இதைக் 'காதலும் மனநோயும் திகிலும் ஒன்று கலக்கும் முக்கடல்' என்று பேட்டியில் சொல்லியிருக்கிறார். கதாநாயகன் ஒரு மனநல மருத்துவர். இளம் வயதில் மலையில் ஒருத்தி அவனுக்குப் பச்சைச் சுவெட்டர் ஒன்று பின்னிக் கொடுத்துவிட்டுப் பனியில் மறைந்துபோகிறாள். அன்றிலிருந்து இருபத்து நான்கு வருடம், பச்சைச் சுவெட்டர் போட்ட எந்தப் பெண்ணைப் பார்த்தாலும் அவள் பின்னாலேயே போகிறான். நிஜத்தில் இப்படிச் செய்தால் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைப்பார்கள். சினிமாவில் செய்தால் வயலின் வாசிக்கிறார்கள்.

இதில் ஒரு பாதி உண்மை என்பதுதான் வட்டக்கானலில் ஒரு குடும்பத்தின் தலைவலி.

ஆழிமாறனுக்கு வத்தலக்குண்டுப் பள்ளிக்கூடப் பதிவேட்டில் பொன்னுவேல் என்று பெயர். இருபத்து நான்கு வருடத்துக்கு முன்னால், யாரோ எடுத்த ஏதோ ஒரு படத்துக்குக் குடை பிடிக்கிற உதவியாளராக மூன்று வாரம் கொடைக்கானலில் இருந்தார். ஏரிக்கரைச் சுவெட்டர் கடையில் தேவகுமாரி என்ற பெண் வேலைக்கு நின்றாள். ஒரு மழை நாளில், நடுங்கிக்கொண்டு நின்ற பொன்னுவேலிடம் அவள் ஒரு பச்சைச் சுவெட்டரைத் தூக்கிக் கொடுத்தாள். காசு வாங்கவில்லை.

அந்தச் சுவெட்டர் இப்போது ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. தேவகுமாரி இப்போது சுந்தரராஜின் மனைவியாக வட்டக்கானலில் இருக்கிறாள். அவர்களுடைய ஒரே மகள் ஜெயப்பிரியா இந்தப் படத்தில் உதவி இயக்குநராக இருக்கிறாள். நாற்பத்தாறு வயதில் தேவகுமாரி தன் பழைய மழை நாளைத் தினமும் மானிட்டரில் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் ஆழிமாறன் அவளிடம் நேராகவே சொல்லிவிட்டார். "கிளைமாக்ஸ் முடிஞ்சதும் யூனிட் சென்னைக்குக் கிளம்புது. காலையில எட்டு மணிக்குக் கார். அடுத்த படத்துக்கு நீதான் காஸ்ட்யூம். மூணு மாசம். வா."

தேவகுமாரி வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் பீரோ மேல் ஒரு நீலப் பை ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதைச் சுந்தரராஜ் பார்த்துவிட்டான். பார்த்ததைச் சொல்லவில்லை.

சுந்தரராஜ் எதையுமே சொல்கிறவன் இல்லை. இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் அவன் மனைவியிடம் ஒரே மூச்சில் பேசிய நீளமான பேச்சு, காஸ் சிலிண்டரின் வாஷரைப் பற்றியது.

*

ஒன்பது மணிக்கு ஜெயப்பிரியா கண்ணாடிப் பெட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்குள் வந்தாள்.

"அம்மா, நீ வந்து இதப் பிரிக்கணுமாம்."

தேவகுமாரி கேரட் சீவிக்கொண்டிருந்தாள். கை நின்றது. "எதை?"

"சுவெட்டரைத்தான். கிளைமாக்ஸே அதானே. ஹீரோயின் பாறை மேல நிக்கிறா. ஹீரோ நூல் நுனியைப் பிடிச்சு இழுக்கிறான். சுவெட்டர் வரிவரியாப் பிரிஞ்சு வருது. நூல் தீரும்போது அங்க ஆளே இல்ல."

"அதுக்குத்தான் பன்னெண்டு நகல் தச்சு வந்துச்சே?"

"அது பனியன் துணிம்மா. வெட்டித் தச்சது. இழுத்தா ஓட்டைதான் விழுது. ஹீரோயின் பூச்சி அரிச்சமாதிரி நின்னா. சார் அழுதுட்டார். நிஜச் சுவெட்டரையே பிரிச்சிரலாம்னு முடிவு பண்ணிட்டார். காஸ்ட்யூம் மாஸ்டர் இழுத்துப் பார்த்தார், இது இறுகிக்கிட்டு வரவே மாட்டேங்குது. 'பின்னின கைதான் பிரிக்க வேண்டும்'னுட்டார் சார். ரெண்டு தடவை சொன்னார். மொதத் தடவை வீடியோ எடுக்கிற பையன் பேட்டரி மாத்திக்கிட்டு இருந்தான்."

தேவகுமாரி கேரட்டைக் கீழே வைத்தாள். பின்கட்டைப் பார்த்தாள். ஜெயப்பிரியாவும் பின்கட்டைப் பார்த்தாள்.

வட்டக்கானலில் நாலு பேரிடம் கேட்டால் நாலு பேரும் சொல்வார்கள்: சுந்தரராஜ் பெண்டாட்டி மாதிரிச் சுவெட்டர் பின்ன இந்த மலையில் ஆள் கிடையாது. வெள்ளைக்காரர்கள் தேடி வந்து வாங்கிப்போகிறார்கள். விருந்தினர் விடுதிக்காரர்கள் சுவரில் மாட்டி வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பெண்டாட்டிக்கு ஒரு கண்ணி போடத் தெரியாது.

பின்னுகிறவன் சுந்தரராஜ். பகலில் ஒரு விடுதியில் தோட்டக்காரன். வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டால் பின்னல்காரன். பதினெட்டு வயதில் யூக்கலிப்டஸ் மரம் ஏற்றும்போது கட்டை உருண்டு காலை முறித்தது. ஒரு வருடம் படுக்கை. அவன் அம்மா வேலம்மா கன்னிகாஸ்திரீகள் நடத்திய பின்னல் கூடத்துக்கு வீட்டிலிருந்து பின்னிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கண் மங்கியபோது, படுத்திருந்த மகன் ஊசியை வாங்கிக்கொண்டான். கால் சரியாகி எழுந்தான். ஊசியை விடவில்லை. வெளியே சொல்லவும் இல்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து ஏழு வயதில் கப்பலேறி வந்தவனை ஏற்கெனவே ஊர் ஆயிரம் கேலி பேசிக்கொண்டிருந்தது. ஆயிரத்தொன்றாவதை அவன் விரும்பவில்லை. கல்யாணமான வாரத்தில், "ஆராச்சும் கேட்டா நீ பின்னுறதாச் சொல்லு குமாரி" என்றான். அவள் சொல்லிவருகிறாள்.

"என்னங்க," என்று தேவகுமாரி கூப்பிட்டாள்.

சுந்தரராஜ் வலது காலைச் சற்றுச் சாய்த்து நடந்து வந்தான். பெட்டியைப் பார்த்தான். ஜெயப்பிரியா மூடியைத் திறந்தாள். உள்ளே ரசகற்பூர உருண்டை வாசனை.

இத்தனை நாள் அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் யாரையும் விட்டதில்லை. தேவகுமாரிகூடக் கண்ணாடி வழியாகத்தான் பார்த்திருக்கிறாள். இப்போதுதான் முதல் தடவையாகக் கையில் எடுத்தாள். தொட்டதும் விரல் தானாக இடது மணிக்கட்டு விளிம்பைத் திருப்பியது. இருபத்திரண்டு வருடமாகச் சுவெட்டரைத் தொட்டால் அவள் விரல் அங்கேதான் போகும்.

உள்பக்கம், ஒரே ஒரு சுற்று, சிவப்பு நூல்.

பின்னல் கூடத்தில் ஒவ்வொருத்திக்கும் ஒரு நிறம் உண்டு. எது யார் பின்னியது என்று தெரிவதற்காக, இடது மணிக்கட்டின் உள்விளிம்பில் அவரவர் நிறத்தில் ஒரு சுற்று ஓட்டிவிடுவார்கள். மஞ்சள் ஒருத்தி, நீலம் ஒருத்தி. சிவப்பு, வேலம்மா வீடு.

இயக்குநர் ஆழிமாறன் இந்தச் சிவப்பு நூலைப் பற்றி மூன்று பேட்டிகளில் பேசியிருக்கிறார். அது 'அவளுடைய நாடித்துடிப்பு' என்பது ஒரு பேட்டி. 'மணிக்கட்டில் அவள் கட்டிவிட்ட சொல்லாத தாலி' என்பது இன்னொன்று. மூன்றாவதில் பேச முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தேவகுமாரி மூன்றையும் பார்த்ததில்லை.

"இது நம்ம வீட்டு நூலு," என்றாள் தேவகுமாரி.

"ம்."

"நீங்க பின்னினதா?"

"ம்."

"நான் அன்னைக்குக் குடுத்தது நீங்க பின்னின சுவெட்டரையா?"

சுந்தரராஜ் சுவெட்டரை வாங்கி அடி விளிம்பை விரலால் நீவினான். "இவுங்க மேல இருந்து இழுத்துப் பாத்திருக்காங்க. நான் கழுத்துல தொடங்கிக் கீழ முடிக்கிறவன். எங்க முடிச்சமோ அங்க இருந்துதான் பிரிக்க ஏலும்."

"அப்பா, நீங்க வந்து பிரிச்சுக் குடுக்கிறீங்களா?" என்றாள் ஜெயப்பிரியா மெதுவாக. "அம்மா பக்கத்துல உக்காரட்டும். பாறைக்குப் பின்னால யாரு கைன்னு ஒருத்தருக்கும் தெரியாது."

சுந்தரராஜ் ஒரு வரியை நகத்தால் நிமிண்டிப் பார்த்தான். பிறகு, "பழைய ரோமம், ஒட்டிக்கிட்டு கெடக்கு. வெரசா இழுத்தா அறுந்துரும்," என்றான். வருகிறேன் என்பதை அவன் சொல்கிற விதம் அது.

*

பாறைக்கு நடந்துபோகிற வழியெல்லாம் தேவகுமாரிக்கு ஒரே ஒரு விஷயம்தான் ஓடியது. அந்தச் சுவெட்டரில் அட்டை இல்லை.

கடைக்கு வருகிற ஒவ்வொரு உருப்படியிலும் கூடத்துச் சிஸ்டர் ஒரு சின்ன அட்டை கட்டி அனுப்புவார். அன்று காலை வந்த கட்டுக்கு மேலே தனியாக, அட்டை இல்லாமல், மடித்து வைத்தபடி இருந்தது அது ஒன்றுதான். யாருடைய கணக்கிலும் வராதது. அதனால்தான் எடுத்துக் கொடுக்க அவளுக்குத் துணிச்சல் வந்தது. தன் வாழ்க்கையில் தனக்கென்று இருந்த ஒரே பொருளை ஒருவனுக்குக் கொடுத்தோம் என்கிற நினைப்பை அவள் இத்தனை வருடம் யாருக்கும் தெரியாமல் காப்பாற்றி வந்தாள்.

அவன் மறுநாள் போய்விட்டான். "வர்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். இரண்டு வருடம் அவள் வத்தலக்குண்டு பஸ் வருகிற சத்தத்துக்கெல்லாம் கடையை விட்டு எட்டிப் பார்த்தாள். எந்த வண்டிக்கு எந்த ஹாரன் என்பது அவளுக்கு அத்துப்படி. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு இரண்டரை மணி நேரம். அவருக்கு இருபத்து நான்கு வருடம் பிடித்தது.

ஆனாலும் வந்துவிட்டார். அதுதான் அவளைப் படுத்தியது. ஒருத்தியை நினைத்துக்கொண்டு ஒருவன் ஒரு முழுப் படம் எடுக்கிறான். பக்கத்தில் நடக்கிறவன், சாப்பாட்டில் உப்புக் குறைந்தால்கூடச் சொல்வதில்லை. அந்த ஒருத்தியாக இருப்பது எப்படி இருக்கும் என்று ஒரு தடவை தெரிந்துகொண்டால் என்ன என்றுதான் நீலப் பையை இறக்கித் தூசி தட்டினாள். இரண்டு சேலை வைத்தாள். ஒன்றை எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

பாறையில் ஆழிமாறன் காத்துக்கொண்டிருந்தார். கழுத்தில் மூன்று மப்ளர்.

"வா, தேவ்."

ஊரில் யாரும் அவளைத் தேவ் என்று கூப்பிட்டதில்லை. முதல் நாள் கேட்டபோது வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று திரும்பிப் பார்த்தாள். இப்போது பழகிவிட்டது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

"இந்தச் சுவெட்டர் எனக்கு ஒரு நாளும் பத்தினதில்லை, தெரியுமா?" என்றார். "தோள்ல ஏறவே ஏறாது. ஏன் இவ்வளவு சின்னதாப் பின்னினான்னு வருஷக்கணக்கா யோசிச்சேன். அப்புறம்தான் புரிஞ்சது. நம்ம காதல் இந்த உலகத்துக்கு ஒரு அளவு சின்னது. அதைத்தான் நீ சொல்லாமச் சொல்லியிருக்கே."

சுந்தரராஜ் பக்கத்தில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இவர்தான்..." என்று ஆழிமாறன் இழுத்தார்.

"எங்க வீட்டுக்காரரு. துணைக்கு வந்தாரு."

"வணக்கங்க," என்றான் சுந்தரராஜ்.

"பெரிய மனசு சார் உங்களுக்கு," என்று ஆழிமாறன் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஏனோ உடனே விட்டுவிட்டு, அந்தக் கையை ஒரு தடவை பார்த்தார். விரல்களின் ஓரத்தில் ஊசி தேய்ந்து காய்த்த தடம். தோட்ட வேலை என்று நினைத்துக்கொண்டார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, தேவகுமாரியிடம், "ஷாட் முடிஞ்சதும் உன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேப்பேன். அதுக்குப் பதில் மட்டும் சொல்லிட்டா, எனக்கு இந்தப் படமே வேண்டாம்," என்றார்.

தயாரிப்பாளர் அங்கே இல்லாதது நல்லதாகப் போயிற்று.

*

மூன்று நாற்பதுக்குச் சாக வேண்டிய காதல் நாலே கால் வரை உயிரோடிருந்தது. நாயகிக்குச் சுவெட்டர் குத்தியது.

"உள்ளே முள் இருக்கா?" என்றாள் அந்தப் பம்பாய்ப் பெண், சொல்லிக்கொடுத்த தமிழில். ஆனால் அளவு கச்சிதம். தைத்து எடுத்தமாதிரி தோளில் உட்கார்ந்தது. தேவகுமாரி அந்தத் தோளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏரிக்கரைக் கடையில் நிற்கும்போது அவளுக்கும் அந்தத் தோள்தான்.

நாயகி பாறை மேல் ஏறி நின்றாள். பள்ளத்துக்கு முதுகு காட்டி நிற்பதாகப் படத்தில் தெரியும். நிஜப் பள்ளம் நாற்பதடி தள்ளி. அவளுக்குப் பின்னால், பாறையின் மடிப்பில், புருஷனும் பெண்டாட்டியும் குனிந்து உட்கார்ந்தார்கள். நாலு முழம் முன்னால் ஆழிமாறன், நாயகனின் கைக்குப் பதிலாகத் தன் கையையே நீட்டிக்கொண்டு. "இந்த நூலை வேறொருத்தன் கை தொடக் கூடாது," என்று சொல்லிவிட்டார். நாயகன் காரவனில் சூப் குடித்துக்கொண்டிருந்தான். கேமரா தூரத்தில், சரிவுக்கு அந்தப் பக்கம்.

"அமைதி! குக்கர் யாரும் வச்சிருக்கீங்களா?" என்று திருமலைச்சாமி ஒலிபெருக்கியில் கேட்டார்.

"ஆக்ஷன்."

சுந்தரராஜ் அடி விளிம்பில் விரல் வைத்தான். கட்டைவிரல் நகத்தால் ஒரு முடிச்சைத் தூக்கினான். இருபத்து நான்கு வருடத்துக்கு முன் அதைப் போட்ட அதே நகம். முடிச்சு மறுபேச்சில்லாமல் விட்டுக்கொடுத்தது. நுனியை ஆழிமாறன் பக்கம் எறிந்தான்.

நூல் ஓடத் தொடங்கியது.

முதலில் விளிம்பு, பிறகு ஒவ்வொரு வரியாக. பழைய ரோமம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வர மறுத்த இடத்திலெல்லாம் சுந்தரராஜ் கட்டைவிரலால் தடவிக் கொடுத்தான். கண்ணி ஒரு சின்னச் சத்தத்தோடு விட்டது. பனி கீழிருந்து மெல்ல ஏறி வந்தது. தேவகுமாரி அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்திய அறையில் பின்னுகிற கையை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். பிரிக்கிற கையை இன்றுதான் பார்த்தாள். இடுப்புக்கு மேலே ஒரு இடத்தில் கை நின்றது.

"என்ன?" என்றாள் காதோரம்.

"இங்கன ஒரு கண்ணி விட்டுட்டேன் அன்னைக்கு. கரண்டு போயிருச்சு." அந்தத் தவறின் மேல் விரலை ஒரு விநாடி வைத்துவிட்டு அதையும் பிரித்தான்.

அக்குளுக்குக் கீழே வந்ததும் நூல் அறுந்தது. பனிக்குள்ளே ஆழிமாறன் நூல் குவியலை மார்போடு அணைத்துக்கொண்டு மண்டி போட்டிருந்தார். "கட்," என்றார். பிறகு அழுதார். அவர் அழுவதைப் பார்த்து மேக்கப் பெண் மகாதேவி அழுதாள். காட்சியோ, குளிரோ, பலரும் மூக்கைச் சிந்தினார்கள்.

"இப்ப என்னால பேச முடியாது தேவ்," என்றார் ஆழிமாறன். "ஆறு மணிக்குப் போன் பண்றேன்." மீதமிருந்த சுவெட்டரிலிருந்து இடது கையை மட்டும் கத்தரித்து வாங்கிக்கொண்டு, சிவப்பு நூல் விளிம்பை உதட்டில் வைத்தபடி காரவனுக்குப் போனார்.

குவியலாகக் கிடந்த பச்சை நூல் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. மிதிபட்டது. சுந்தரராஜ் தன் துண்டை விரித்து அதை அள்ளிக் கட்டிக்கொண்டான்.

*

பிரித்த நூல் நேராக இருக்காது. ஒவ்வொரு கண்ணியும் தான் இருந்த இடத்தை மறக்காமல் சுருண்டே கிடக்கும். வெந்நீரில் நனைத்து, கனம் கட்டித் தொங்கவிட்டால்தான் நிமிரும். அதற்கு முன் சிக்கெடுத்துச் சுற்ற வேண்டும்.

சுந்தரராஜ் முக்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினான். தேவகுமாரி எதிரே உட்கார்ந்து அவன் கைகளில் நூலைச் சுற்றினாள். வீட்டில் எப்போதும் செய்கிற வேலைதான். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. பீரோ மேலிருந்து நீலப் பை பார்த்துக்கொண்டிருந்தது.

"அட்டை இல்லாம வச்சிருந்தது," என்றாள் அவள்.

சுந்தரராஜ் நூல் நழுவாமல் கையைச் சாய்த்துக் கொடுத்தான்.

"கட்டு சுமந்துட்டு வந்து கடையில போடுறது நீங்கதானே அப்ப. நீங்கதான் மேல வச்சீங்க."

"ம்."

"யாருக்குப் பின்னினீங்க?"

நூல் இரண்டு சுற்று ஓடியது.

"உனக்குத்தான்."

தேவகுமாரியின் கை நிற்கவில்லை. நின்றால் சிக்கிவிடும்.

"சொல்லலாமுல்ல?"

"மறுநா போட்டுக்கிட்டு வந்து நிப்பேன்னு பாத்தேன். வெள்ளனே வந்து எதித்த மரத்தடியில நின்னேன். அந்தக் குடைக்காரப் பையன் கையில வச்சுக்கிட்டுப் பஸ் ஏறினான். சரி, புடிக்கல போலன்னு நெனச்சுக்கிட்டேன். அங்கன நிக்கிறத மட்டும் விடல."

"எனக்குத் தெரியாதே."

"அதான். ஒனக்குத் தெரியாது."

காஸ் சிலிண்டர் வாஷருக்குப் பிறகு அவன் பேசிய நீளமான பேச்சு இது. இரண்டு வருடம் பஸ்ஸைப் பார்த்து நின்றிருக்கிறாள். அந்த இரண்டு வருடமும் எதிர் மரத்தடியில் ஒருத்தன் கட்டு இறக்கிவைக்கிற சாக்கில் நின்றிருக்கிறான். அவள் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"தோள் அளவு எப்படித் தெரியும் உங்களுக்கு? கிட்ட வந்ததே இல்லையே நீங்க."

"கடைக் கதவுல சாஞ்சு நிப்பியே. பலகை பலகையா இருக்குமே அது." நூல் சுற்றிய கைகளை லேசாக அகட்டிக் காட்டினான். "ரெண்டு பலகை."

அவள் எழுந்தாள். பீரோ பக்கம் போனாள். நீலப் பையை இறக்கிக் கட்டில் மேல் வைத்தாள். திறக்கவும் இல்லை, மேலே திரும்ப வைக்கவும் இல்லை. வந்து உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து நூலை எடுத்தாள்.

அப்போதுதான் போன் அடித்தது. இருவர் கையிலும் நூல். முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா," என்றாள் ஜெயப்பிரியா. குரல் கிசுகிசுப்பாக இருந்தது. "ஷாட் இல்லம்மா."

"என்னது?"

"இப்பத்தான் போட்டுப் பாத்தோம். நாலு நிமிஷமும் வெள்ளை. கேமராவுக்கும் உங்களுக்கும் நடுவுல பனி வந்துருச்சு. ஒண்ணுமே விழல. ஹீரோயின் இல்ல, சுவெட்டர் இல்ல, ஒரு நூல் இல்ல."

"மானிட்டர்ல யாரும் பாக்கலையாடி?"

"எல்லாரும் பாத்தோம். சார் எப்பவும் பனிதான் ஹீரோன்னு சொல்வாரா, கேமராமேன் இதத்தான் கேக்கிறார்னு நெனச்சுட்டார். திருமலைச்சாமி சார் கை தட்டவே செஞ்சார். வெள்ளையப் பாத்துத்தான் நாங்க எல்லாம் அழுதுருக்கோம். இரு, சார் வர்றார்."

போன் கை மாறியது. மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது.

"தேவ். வருத்தப்படாதே. பனி நம்மகிட்ட இன்னொரு வாய்ப்புக் கேக்குது. கார் நாளைக்குப் போகல. திங்கட்கிழமை ரீஷூட். அதுக்குள்ள நீ அதே மாதிரி இன்னொண்ணு பின்னணும். அதே நூல். அதே கை. அதே சிவப்பு." குரல் உடைந்தது. "அந்த ஒரு கேள்வியையும் இப்பவே கேட்டுர்றேன். இருபத்து நாலு வருஷமா நெஞ்சுல கெடக்குது. அன்னைக்கு அதை எனக்காகத்தானே பின்னினே?"

தேவகுமாரி சுந்தரராஜைப் பார்த்தாள். அவன் நூல் சுற்றிய இரண்டு கையையும் நீட்டியபடியே உட்கார்ந்திருந்தான். இருபத்திரண்டு வருடம் அவளைச் சொல்லவைத்த பொய் அந்தக் கைகளுக்கு நடுவில் இருந்தது.

"சொல்லிரு," என்றான்.

அவள் போன் பக்கம் குனிந்தாள்.

"பொன்னுவேலு, எனக்குப் பின்னத் தெரியாது."